சாவா மூவாக் கேசட்

அருப்புக்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி உலாவிக்கொண்டிருக்கிறது. "பழைய வீடியோ கேசட்டை எல்லாம் டி.வி.டி.யாக மாற்ற வேண்டும். கைக்கு அடக்கமான விலையில் என்ன மிஷின் வாங்கலாம்?" என்பதுதான் அந்தக் கேள்வி. கதை எழுதுகிறவனிடம் வந்து இதை ஏன் கேட்கிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. எழுத்தாளனுக்குப் பகல் பொழுதில் வேலை கிடையாது என்பது எங்கள் பக்கத்து ஜனங்களின் உறுதியான அபிப்பிராயம். வேலை இல்லாதவன்தானே இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்க முடியும்? அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்ட பிறகு ஒரு சங்கடம் உண்டாயிற்று. ஒரு யந்திரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. பார்வைக்குக் கடைத்தெருச் சமாசாரமாக இருக்கிற இந்தக் கேள்விக்குள்ளே ஒரு சரித்திரம் சுருண்டு கிடக்கிறது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் காசை எதில் போட வேண்டும் என்பது விளங்கும்.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஆம்பெக்ஸ் என்ற கம்பெனி, படத்தையும் ஒலியையும் காந்த நாடாவில் பதிந்து உடனே திருப்பிக் காட்டும் யந்திரம் ஒன்றை வெளியிட்டது. நாடாவின் அகலம் 2 அங்குலம். யந்திரம் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். விலையோ சுமார் 50,000 டாலர். டெலிவிஷன் நிலையங்களைத் தவிர வேறு யாரும் அதன் பக்கம் போக முடியாது. அதன் பிறகு நாடாவும் குறுகியது, யந்திரமும் குறுகியது. 1971-இல் ஜப்பானின் ஸோனி கம்பெனி நாடாவைப் பெட்டிக்குள் அடைத்து யூமாட்டிக் என்று கொண்டுவந்தது. 1975-இல் அதே கம்பெனி வீடுகளுக்கென்று பீட்டாமாக்ஸைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஜே.வி.சி. கம்பெனியின் வி.எச்.எஸ். வந்தது. இரண்டுக்கும் நடந்த போட்டியில் பீட்டாமாக்ஸ் தோற்றது. அரை அங்குல நாடா ஓடும் வி.எச்.எஸ். உலகத்தை ஆண்டது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கறுப்புப் பெட்டிகள் அந்த ராஜ்யத்தின் மிச்சங்கள்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கியது. ஆனால் அருப்புக்கோட்டைக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம்! அந்தப் படம் இந்தக் கரிசல் காட்டுக்கு எட்டவில்லை. 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. கலர் டெலிவிஷன் தேசத்துக்குள் வந்தது; வெளிநாட்டுப் பெட்டிகளை வரவழைப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. அதே ஆண்டு இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. தென் மாவட்டங்களில் பலர் நீண்ட குழாயின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, அதைக் கடல் பக்கமாகத் திருப்பி, புள்ளிகளுக்கு நடுவே அந்நிய நாட்டுப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் மலையிலிருந்து நம் ஒளிபரப்பு வந்து சேர்வதற்கு முன்னால் இதுதான் நிலைமை.

ஆகவே இந்தப் பக்கத்து ஜனங்களில் பெரும்பாலோருக்குக் கலர் டெலிவிஷன் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒளிபரப்பு அல்ல, "டெக்கு"தான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் டெக் கொண்டுவந்தார்கள். பிறகு அதை வாடகைக்கு விடும் கடைகள் முளைத்தன. மாரியம்மன் பொங்கலுக்கு டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, தெருமுனையில் பெஞ்சின் மேல் ஏற்றி, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். மூன்றாவது படத்தின் முடிவைப் பார்த்தவர்கள் ஊரில் மிகச் சிலரே.

டெக் வந்த வழியே கேமராவும் வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்பே வீடியோக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. தோளில் வைக்கும் பானாசோனிக் கேமரா ஒன்று. பின்னால் கண்ணைப் பறிக்கும் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன். அவன் காலில் சிக்கும் ஒயரைச் சுருட்டிப் பிடிக்க இன்னொரு பையன். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கிழவிகள் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொள்வார்கள். குழந்தைகள் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். மணமக்கள் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கல்யாணக் கேசட்டுகளைப் பற்றி எல்லோரும் கேலி பேசுவதுண்டு. இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம் தோன்றுவதும், தாமரைப்பூ விரிந்து பெண் எழுந்தருளுவதும், பின்னணியில் சினிமாப் பாட்டு அலறுவதும் கேலிக்கு உரியவையே. ஆனால் அந்தத் தாமரைப்பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெண்ணழைப்பு தெரு வழியே வருகிறது. தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டிருக்கிறார்கள். ஊர்வலம் அதற்கு ஒதுங்கி ஒரு பக்கமாக நடக்கிறது. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவுக்கு அதைவிட நல்ல சாட்சியம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கல்யாண மண்டபங்கள் பெருகுவதற்கு முந்திய காலம். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். ஓட்டு வீடுகள், திண்ணைகள், தெருவில் நிறுத்திய மாட்டு வண்டி. நலுங்கு வைக்கும்போது நாலு கிழவிகள் சேர்ந்து பாடுகிறார்கள். அந்தப் பாட்டை அவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை, எழுதத் தெரியாது. கேமராக்காரர் அவர்களைப் படம் பிடிக்க வேண்டும் என்று பிடிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்புகிற வழியில் அவர்கள் இருந்தார்கள்; அகப்பட்டுக்கொண்டார்கள். சரித்திரத்தில் ஏழைகள் இடம்பெறுவது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் திருச்சுழி இருக்கிறது. அங்கே 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வேங்கடராமன் என்ற பையன்தான் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். 1950-இல் அவர் மறைவதற்குள் சிலர் அவரைச் சலனப் படம் எடுத்திருந்தார்கள். ஒலி இல்லாத படங்கள். ஆசிரமத்தாரும் அன்பர்களும் அந்தப் பிலிம் துண்டுகளைச் சேர்த்துக் காப்பாற்றியதால், அவை இப்போது டி.வி.டி. தட்டாகக் கிடைக்கின்றன. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் மெல்ல நடந்து வருவதை நாம் பார்க்கலாம். பெரியவர்களுக்கு அப்படிச் சேர்த்துவைக்க ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. சினிமாவுக்குப் புனாவில் 1964-இல் ஏற்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. அதற்கு முன்பே அழிந்துபோனவை எத்தனையோ: 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நலுங்கு பாடிய கிழவிக்கு எந்த ஸ்தாபனம் இருக்கிறது? அவள் பேரன்தான் ஸ்தாபனம். அவன் கையில் இருக்கிற சில ஆயிரம் ரூபாய்தான் மூலதனம். அதனால்தான் "மலிவாக என்ன மிஷின்?" என்ற கேள்வியை நான் அற்பமாக நினைப்பதில்லை.

கேசட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மூன்று மணி நேரம் ஓடும் வி.எச்.எஸ். கேசட்டில் ஏறக்குறைய கால் கிலோமீட்டர் நீளமுள்ள நாடா இருக்கிறது. அது ஆமை வேகத்தில், வினாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லாமல் நகரும். அதற்கு எதிரே, 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை சாய்வாக நின்று நிமிடத்துக்கு 1,500 தடவை சுழலும். நம் நாட்டு முறையில் வினாடிக்கு 25 படம். உருளையின் ஒரு சுற்றுக்கு ஒரு படம். உருளையில் பதித்த மிகச் சிறிய காந்த முனைகள் — மெக்கானிக்குகள் "ஹெட்" என்பார்களே, அவை — நாடாவின் மேல் சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதும். திரும்பப் பார்க்கும்போது அதே சாய்வில் அதே கோட்டின் மேல் மற்றொரு முனை ஓட வேண்டும். நாடா கொஞ்சம் நீண்டாலும், ரப்பர் உருளை கொஞ்சம் தேய்ந்தாலும், கோடு கொஞ்சம் நழுவும், படம் ஆடும், மேல் விளிம்பு கொடிபோல் வளையும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த அனலாக் முறையில் பிரதிக்குப் பிரதி சத்து இறங்கிக்கொண்டே போகும். கல்யாண வீட்டில் எடுத்த மூலக் கேசட்டிலிருந்து ஸ்டூடியோவில் "மிக்ஸிங்" செய்வார்கள். அதிலிருந்து நமக்கு ஒரு பிரதி கொடுப்பார்கள். மூலத்தை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொண்ட ஸ்டூடியோக்கள் பல. ஆகவே நம்மிடம் இருப்பதே மகனோ பேரனோதான்; அப்பன் எப்போதோ போய்விட்டான். டிஜிட்டல் முறையின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை படத்தை எண்களாக மாற்றிவிட்டால், அந்த எண்களை ஆயிரம் தடவை பிரதி எடுத்தாலும் ஆயிரமாவது பிரதி முதல் பிரதியைப் போலவே இருக்கும். ஆனால் அந்த முதல் தடவை இருக்கிறதே, அதில் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

தமிழர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. பனை ஓலையில் எழுதிய சுவடி நிரந்தரமாக இருக்காது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். ஆகையால் தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். எழுதாமல் விட்டவை மறைந்தன. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. பெயர்த்து எழுதுகிறவனுக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஓர் எழுத்து மற்றொன்றாகும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவருவதற்குப் பட்ட பாடு, ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாற்றிய பாடுதான். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூருக்கு அவர் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு மனம் நொந்ததை எழுதிவைத்திருக்கிறார். போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. பழசாகிவிட்டதைக் கௌரவமாக அனுப்பிவைத்ததாக நினைத்தார்கள்.

நம் காலத்திலும் அப்படி ஒரு ஹோமம் நடந்தது. அதற்குப் பெயர் வி.சி.டி.

வி.சி.டி. என்ற தட்டு 1993-இல் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் அதை ஓட்டும் பெட்டிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட மலிந்துவிட்டன. 2006-இல் அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியபோது, டி.வி. வந்த வீட்டுக்குத் தட்டுப் பெட்டியும் வந்தது. டெக் பரணுக்குப் போயிற்று. "கேசட்டை சி.டி.யாக மாற்றித் தரப்படும்" என்று ஊர் ஊராகப் பலகை தொங்கியது. ஜனங்கள் கேசட்டைக் கொடுத்துத் தட்டை வாங்கிக்கொண்டார்கள். பலர் கேசட்டைத் திரும்பக் கேட்கவே இல்லை. அந்தத் தட்டின் கொள்ளளவோ சுமார் 74 நிமிடம். அதற்குள் அடக்குவதற்காகப் படத்தைக் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகளாகக் குறுக்குவார்கள். நம் டி.வி. முறையில் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப் படங்களாக வருகிறது. வி.சி.டி. அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். வேகமாகக் கை அசைத்தால் கை சதுரம் சதுரமாக உடையும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1991-இல் பெரியப்பா மகள் கல்யாணம் நடந்தது. கேசட் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2003-ஐ ஒட்டி அதை ஒரு கடையில் கொடுத்து மாற்றினார்கள். மூன்று தட்டு ஆகும் என்று முதலில் சொன்ன கடைக்காரர், இரண்டு தட்டிலேயே முடித்து, மிச்சக் காசையும் யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது அப்பத்தாவைக் காணவில்லை. நலுங்குப் பாட்டில் முன்பாட்டு பாடியவள் அவள். போய்க் கேட்டதற்கு, "தேவையில்லாத இடமெல்லாம் எடுத்துட்டேங்க, கிழவிக பாடிக்கிட்டே இருந்தாங்க, அதை யாரு பாக்கப் போறா?" என்றாராம். அப்பத்தா அப்போது இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேசட் தப்பியதற்குப் பெரியம்மாதான் காரணம். எந்தச் சாமானையும் எறியாத குணம் அவளுக்கு. டிரங்குப் பெட்டியில், பட்டுச் சேலைக்கும் பட்டா நகலுக்கும் நடுவே அதை வைத்திருந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் நல்ல டெக் ஒன்று கிடைத்தபோது அதை எடுத்து ஓட்டினோம். அப்பத்தா ஆறு நிமிடம் பாடுகிறாள். நடுவில் ஒருமுறை பாட்டை மறந்து, பக்கத்திலிருந்தவளைக் கையால் இடித்துச் சிரிக்கிறாள். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "எங்க ஆத்தா சிரிப்பு இப்படித்தான் இருக்கும்னு நான் மறந்தே போயிட்டேம்ப்பா" என்றார்.

இனி யந்திரத்துக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் கேட்பது மாற்றும் கருவியைப் பற்றி. முதலில் கேட்க வேண்டியது ஓட்டும் டெக்கைப் பற்றி. நெசவூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தறியின் தலையில் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டிக்குத் துளை அட்டைகள் உண்டு. பூவும் மாங்காயும் அந்தத் துளைகளில்தான் இருக்கின்றன. அட்டை பத்திரமாக இருந்து, அதைப் படிக்கும் பெட்டி போய்விட்டால், பூ எங்கே? கேசட்டும் அப்படித்தான். உலகத்தில் வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கிடைப்பதெல்லாம் பழையதுதான். தட்டு மாற்றும் கருவியை நாளைக்கும் வாங்கலாம். டெக்கை நாளைக்கு வாங்க முடியுமா என்பது சந்தேகம். கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாயை டெக்கிலும் அதன் பழுதுபார்ப்பிலும் போட வேண்டும் என்பது என் கட்சி.

வாங்கும்போது விலாசத்தைப் பார்க்காமல் உள்ளே பார்க்க வேண்டும். ரப்பர் பெல்ட் இறுகிப்போயிருந்தால் மாற்ற வேண்டும். ஹெட்டைத் துடைப்பதற்கு ஐசோப்ரோப்பைல் ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோல் போதும். அதையும் உருளை சுற்றுகிற திசையிலேயே குறுக்காகத் துடைக்க வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் முனை ஒடிந்துபோகும். எஸ்-வீடியோ என்ற தனி வாய் உள்ள டெக் கிடைத்தால் பாக்கியம். வெளிச்சமும் வர்ணமும் தனித்தனியாக வரும், நிறம் கசியாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் இருந்தால் அது என்.டி.எஸ்.சி. முறை; நம்முடையது பால் முறை. இரண்டும் ஓடும் டெக்காகப் பார்க்க வேண்டும். சின்னக் கைக்கேமராவின் எட்டு மில்லிமீட்டர் கேசட்டுக்கு வி.எச்.எஸ். டெக் உதவாது. 1999-இல் ஸோனி கொண்டுவந்த டிஜிட்டல்-8 கேமராக்களில் பலவும் பழைய எட்டு மில்லிமீட்டர் நாடாவையும் ஓட்டி, டிஜிட்டலாகவே வெளியே அனுப்பும்.

அடுத்தது ஆட்டத்தை அடக்குவது. நாடாவிலிருந்து வரும் படத்தின் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். பழைய டி.வி. பொறுத்துக்கொள்ளும்; கம்ப்யூட்டர் பொறுக்காது. அது சில படங்களைக் கைவிட்டுவிடும். கைவிட்ட படம், சுவடியில் உதிர்ந்த ஏடு மாதிரி. மூன்று மணி நேரத்தில் அப்படிப் பல உதிர்ந்தால் பேச்சு ஓரிடத்திலும் உதடு ஓரிடத்திலும் இருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்று விலை உயர்ந்த கருவி வைத்திருப்பார்கள். நடுத்தர வீட்டுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பானாசோனிக் கம்பெனியின் டி.எம்.ஆர்.-ஈ.எஸ். 10, ஈ.எஸ். 15 என்ற பழைய டி.வி.டி. ரெக்கார்டர்கள், தம் வழியே போகும் படத்தின் கோடுகளை நேராக்கி அனுப்பும். அவற்றில் தட்டு எழுதும் பகுதி கெட்டிருந்தாலும் இந்த வேலைக்குக் குறைவில்லை. பழைய சாமான் கடையில் "ரிப்பேர்" என்று ஒதுக்கியதை வாங்கி நடுவே வைத்துக்கொள்ளலாம்.

மாற்றும் கருவி மூன்று தினுசு. முதலாவது டி.வி.டி. ரெக்கார்டர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் தட்டு தயார். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு இதுவே நல்லது. டெக்கும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் உள்ளவையும் உண்டு. ஆனால் இரண்டு மணி நேர அளவிலேயே பதிய வேண்டும். ஒரே தட்டில் நான்கு மணி, ஆறு மணி நேரம் அடக்கினால் பழைய வி.சி.டி. கதைதான். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு இரண்டு தட்டு ஆகட்டும். தட்டின் விலையில் லாபம் பார்க்க வேண்டாம். முடிந்ததும் "ஃபைனலைஸ்" செய்தால்தான் மற்றப் பெட்டிகளில் ஓடும்.

இரண்டாவது, டி.வி. முறைப் படத்தை உள்வாங்கி எண்களாக்கும் மினி டி.வி. கேமரா. தரம் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. இடம் பிடிக்கும். ஆனால் அதற்கு வேண்டிய ஃபயர்ஒயர் வாய் இன்றைய கம்ப்யூட்டர்களில் இல்லை. ஐரோப்பாவுக்கென்று செய்த கேமராக்கள் பலவற்றில், வரிக்குப் பயந்து, உள்வரும் வழியையே அடைத்திருந்தார்கள். ஆகவே வாங்குமுன் சோதிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோருடைய கண்ணும் போகிற இடம்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. கருவி. ஈஸிகேப் என்ற பெயரில் வருபவை வெளியே ஒரே சட்டை போட்டிருக்கும். உள்ளே இருக்கும் சிப் கடைக்குக் கடை வேறு. ஒன்று ஒழுங்காக வேலை செய்யும். அதன் இரட்டைப் பிறவி போலத் தோன்றுவது பத்து நிமிடத்தில் மயங்கி விழும். இது ஒன்றும் தீண்டத்தகாத பொருள் அல்ல. நல்ல டெக்கும், நடுவே ஆட்டம் அடக்கும் பெட்டியும் இருந்தால் இதுவே கௌரவமாக வேலை செய்யும். அவை இல்லாவிட்டால் பத்து மடங்கு விலையுள்ள கருவியாலும் பிரயோசனம் இல்லை. ஒரு பத்து நிமிடம் மாற்றி, முழுவதும் பார்த்து, உதடும் ஒலியும் சேர்ந்திருக்கிறதா என்று கவனித்துக்கொண்டு மேலே போகலாம்.

இந்த வறண்ட சீமைக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. காந்த நாடாவின் பரம விரோதி ஈரம். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கேசட்டில் ஜன்னல் வழியே பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். அதை டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். மழையே பெய்யாது என்று நாம் காலமெல்லாம் நொந்துகொள்ளும் இந்தக் காற்று, நாடாவைப் பொறுத்தவரை நல்ல காற்று. ஆனால் வெயிலும் கரிசல் புழுதியும் நல்லவை அல்ல. ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியிலுள்ள பரணிலிருந்து இறக்கி, வீட்டின் குளிர்ந்த அறையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓட்டுமுன் முழுவதும் ஒருமுறை ஓட்டிச் சுற்றி எடுக்க வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம்தான் ஆகும், அவசரப்படுத்த முடியாது. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு நாட்களில் பலர் பாதிக் கேசட்டில் நின்றார்கள். இப்போதும் மதியக் காற்றில் மின்சாரம் கண் சிமிட்டும். ஒரு யு.பி.எஸ். அவசியம்.

கடைசியில் தட்டு. ஜனங்கள் டி.வி.டி.யை மோட்ச ஸ்தானமாக நினைக்கிறார்கள். வீட்டில் எழுதும் தட்டில் படம் இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் சூடும் அதை வெளுக்கும். அதுவும் ஓலைதான். புதிதாக வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் தட்டுச் செருகும் வாயே இல்லை. ஆகவே தட்டோடு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வேண்டும். வேறு ஊரில் வேறு வீட்டில் இன்னொரு பிரதி வேண்டும். கேசட்டையும் எறியக்கூடாது.

"அப்படியானால் எதுதான் நிரந்தரம்?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் நம் கோவில் சுவர்களில் இருக்கிறது. திருச்சுழியிலும் பக்கத்துப் பள்ளிமடத்திலும் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தர்மம், கோவிலில் நந்தாவிளக்கு எரிப்பது. இரவும் பகலும் எரிய நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 50 ஆடு, 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்து இடையர் வசம் ஒப்புவிப்பார்கள். அந்த ஆடுகளுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, கிழடு தட்டாத ஆடு! ஆடு சாகாமலா இருக்கும்? இந்தக் காட்டில் மழை பொய்த்த ஆண்டில் கும்பலாகச் சாகும். ஆனால் ஒன்று செத்தால் பிறந்த குட்டியில் ஒன்றைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆடு சாகும், கணக்குச் சாகாது. தலைமுறை தலைமுறையாக இடையர்கள் அந்தக் கணக்கைச் சுமந்தார்கள். அந்த ஆட்டுக்காரருக்கு விலை உயர்ந்த சாதனம் எதுவும் இல்லை. எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் இருந்தது.

காந்த நாடாக்களை மாற்றிக்கொள்ள 2025-க்கு மேல் சௌகரியம் இராது என்று ஆஸ்திரேலிய நாட்டுத் தேசிய ஒலி-ஒளிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. யுனெஸ்கோவும் பிறகு அதே பாட்டைப் பாடியது. அவர்கள் சொன்ன கெடு வந்தேவிட்டது. ஆகையால் ஊரில் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல டெக் வாங்குங்கள். மற்றக் கருவிகளைக் கையில் உள்ளதற்குத் தகுந்தபடி பாருங்கள். மாற்றும்போது எதையும் தேவையில்லாதது என்று வெட்டாதீர்கள். யாருடைய அப்பத்தா எந்த மூலையில் நின்று பாடிக்கொண்டிருக்கிறாளோ, யாருக்குத் தெரியும்? மாற்றி முடித்தபின் வீட்டில் இளையவர் ஒருவரைக் கூப்பிட்டு, இத்தனை பிரதி, இன்ன இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒப்படையுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிய கலத்துக்குப் பெயர்த்து வைப்பது அவர் பொறுப்பு.

யந்திரம் எது என்பதை அதன் பிறகு கடைக்காரரே சொல்லிவிடுவார்.